கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது எப்படி? குமரி மாவட்டக் கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் மாவட்டத்தில் குழாய் வந்த பிறகும், குடிக்கவும் சோறு வைக்கவும் பலர் வீட்டுக் கிணற்றையே நம்புகிறார்கள். அந்தத் தண்ணீரைச் சோதிப்பது பற்றி ஊர்க் கூட்டங்களிலும் கிணற்றடியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, சோதனைப் பெட்டியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். மூன்று தலைமுறையாகக் குடிக்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எதற்குச் சோதிக்க வேண்டும்?

அந்த இனிப்புதான் நம்மை ஏமாற்றுகிறது. ராமநாதபுரம் மாதிரி வறண்ட மாவட்டங்களில் தண்ணீர் சரியில்லை என்றால் பெரும்பாலும் நாக்கே சொல்லிவிடும், உப்புக் கரிக்கும். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிறது. மழை மண்ணைக் கழுவிக்கொண்டே இருப்பதால் கடலோரம் நீங்கலாகப் பல இடங்களில் தண்ணீரில் உப்புக் குறைவு. அதனால் நாக்குக்குக் குறை தெரிவதில்லை. ஆனால் கிருமிக்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை. நைட்ரேட்டும் அப்படித்தான். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரில் மலக்கிருமி இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்று தலைமுறைக் கணக்கையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாத்தா காலத்தில் ஒரு பெரிய விளையில், அதாவது தோட்ட நிலத்தில், ஒரு வீடு, ஒரு கிணறு இருந்தது. அதே விளை இன்று பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பங்கு வைக்கப்பட்டு 5 சென்ட், 3 சென்ட் மனைகளாகிவிட்டது. ஒவ்வொரு மனையிலும் ஒரு கக்கூஸ் குழி. கிணறு பழைய கிணறுதான், சுற்றியுள்ள நிலம்தான் மாறிவிட்டது.

ஒன்றும் ஆகவில்லை என்பதையும் வீட்டில் உள்ள பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். மழை தொடங்கியதும் பிள்ளைக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, போன வருஷம் ஒருவருக்கு மஞ்சள்காமாலை, அதற்கு முன்னால் டைபாய்டு என்று வரிசையாக வரும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டின் மேல் பழி போட்டிருப்போம். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கிணற்றைச் சோதிக்காமல் அதைச் சொல்ல முடியாது.

என்னென்ன சோதிக்க வேண்டும்?

ஊரைப் பொறுத்தது. ஆனால் கடலோரமானாலும் மலையோரமானாலும் முதலில் வருவது பாக்டீரியா சோதனை. அதாவது கோலிபார்ம் என்னும் பாக்டீரியாக் கூட்டம், அதில் ஒன்றான ஈ.கோலை. ஈ.கோலை மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்வது. அது கிணற்றில் இருந்தால், மலம் எங்கிருந்தோ வந்து கலந்திருக்கிறது என்று பொருள். ஈ.கோலையில் எல்லா வகையும் நோய் தராது. ஆனால் அது வந்த வழியாகவே டைபாய்டும் காமாலையும் வரும்.

அடுத்து ரசாயனச் சோதனை. மணக்குடி, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் குளோரைடும் மொத்தக் கரைந்த உப்பும் முக்கியம். நெல்லும் வாழையும் அதிகமாக உள்ள பகுதிகளில் உரம் போடுவதால் நைட்ரேட்டைக் கட்டாயம் கேளுங்கள். செம்புரைக்கல் மண் உள்ள மேற்குப் பகுதிகளில் பி.எச்., அதாவது தண்ணீரின் அமிலத்தன்மை. ஆழ்துளைக் கிணறு என்றால் இரும்பு. ஃபுளூரைடு தருமபுரி பக்கம் பெரிய துன்பம் தந்த ஒன்று. ஆழ்துளைக் கிணறு புதிதாகப் போட்டால் இங்கேயும் ஒருமுறை அதைப் பார்த்துவிடுவது நல்லது.

பூச்சிமருந்து வழக்கமான சோதனையில் வராது. தனியாகக் கேட்க வேண்டும், செலவும் கூடுதல். மலையோரத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்தின் கழிவுநீர் கிணற்றுப் பக்கம் ஓடினால், மாதிரி கொடுக்கும்போதே அதை ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கே கொடுப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் நீர் ஆய்வகங்கள் உண்டு. நமக்கு நாகர்கோவில்தான். பொதுமக்களும் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். போவதற்கு முன் போன் செய்து கட்டணம், நேரம், எந்தக் கிழமையில் பாக்டீரியா மாதிரி வாங்குவார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்டீரியா சோதனை முடிய ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், வாரக் கடைசியில் போனால் திரும்பி வர நேரலாம். தனியார் ஆய்வகம் என்றால், ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். ஒரே தெருவில் பலருக்குக் காமாலை, வயிற்றுப்போக்கு என்றால் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். அவர்களே வந்து மாதிரி எடுப்பார்கள்.

எந்த மாதத்தில் சோதிப்பது நல்லது?

பாக்டீரியாவுக்கு மழைக்காலம். வைகாசி கடைசியில் தென்மேற்கு மழை பிடித்து இரண்டு வாரம் ஆனதும் ஒருமுறை, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை. மழையில் நிலத்தடி நீர்மட்டம் ஏறும்போது, பல இடங்களில் அது கக்கூஸ் குழியின் அடிமட்டத்தைத் தொட்டுவிடுகிறது. பங்குனியில் நல்ல கிணறு என்று ரிப்போர்ட் வாங்கியவர், ஆனியில் அதே கிணற்றில் கிருமி கண்டு திகைப்பது இதனால்தான். இரண்டு ரிப்போர்ட்டுமே சரியானவைதான்.

உப்புக்கும் மற்ற ரசாயனங்களுக்கும் கோடை. சித்திரையில் நீர்மட்டம் அடியில் கிடக்கும்போது உப்பு உச்சத்தில் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

கிணற்றை ஆழப்படுத்தினால், பக்கத்தில் புதிய வீடு எழும்பினால், வெள்ளம் உள்ளே புகுந்தால், திடீரென்று வாசனையோ நிறமோ மாறினால் மாதத்தைப் பார்க்க வேண்டாம், உடனே கொடுங்கள்.

மாதிரி எடுப்பதில் என்ன இருக்கிறது? ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் போதாதா?

போதாது. சோதனையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஆய்வகத்துக்கு வெளியேதான் நடக்கின்றன. என் அனுபவத்தையே சொல்கிறேன். முதன்முதலாக ஒரு ஊருக்கு மாதிரி எடுக்கப் போனபோது, ஆய்வகத்தில் தந்த பாக்டீரியா பாட்டிலைக் கிணற்றுத் தண்ணீரால் இரண்டு முறை நன்றாகக் கழுவிவிட்டு நிரப்பினேன். சுத்தமாகச் செய்ததாக நினைத்தேன். அந்தப் பாட்டில் கிருமி நீக்கப்பட்டு, உள்ளே சோடியம் தயோசல்பேட் போடப்பட்டு வந்தது. தண்ணீரில் குளோரின் இருந்தால், பயண நேரத்தில் அது கிருமிகளைக் கொன்று முடிவைப் பொய்யாக்காமல் தடுக்கத்தான் அந்த மருந்து. நான் அதைக் கழுவிக் கொட்டிவிட்டேன். முழு நாளும் வீணாகி, மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. காத்திருந்த வீட்டுக்காரர்களிடம் அதைச் சொன்னது இன்றும் மனதில் இருக்கிறது.

ஆகவே, இரண்டு சோதனைக்கும் இரண்டு வழி என்று நினைவில் வையுங்கள்.

ரசாயனச் சோதனைக்கு 2 லிட்டர் கொள்ளும் சுத்தமான பிளாஸ்டிக் கேன். எண்ணெயோ ஆசிடோ இருந்த கேன் ஆகாது. எடுக்கப் போகும் தண்ணீராலேயே மூன்று முறை அலசிவிட்டு, காற்று இல்லாமல் கழுத்துவரை நிரப்புங்கள். மூன்று நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பாக்டீரியா சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டில் மட்டுமே. அலசக் கூடாது. மூடியின் உட்புறத்தையும் பாட்டிலின் வாயையும் விரல் தொடக் கூடாது. மூடியைத் தரையில் வைக்கவே கூடாது. குழாய் என்றால் வாய்ப்பகுதியைத் துடைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தேய்த்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். அடிபம்பு என்றால் குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போகும்வரை அடித்துவிட்டு எடுக்க வேண்டும். திறந்த கிணற்றில், சுத்தமான கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கி, சுவரில் உரசாமல், மேற்பரப்பிலிருந்து ஒரு அடி ஆழத்தில் நிரப்ப வேண்டும். வாளியில் கோரி ஊற்றினால், சோதிப்பது வாளியையும் கயிற்றையும் சேர்த்துத்தான். பாட்டிலை முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள்.

எடுத்த நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுவது நல்லது. ஐஸில் வைத்திருந்தாலும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பத்துகாணி, ஆறுகாணியிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி இல்லாமல் கிளம்ப வேண்டாம். பெட்டி புதிதாக இருக்கட்டும், மீன் பெட்டி வேண்டாம். பாட்டிலில் பெயர், ஊர், கிணறா போரா, எடுத்த தேதி, நேரம் எல்லாம் எழுதி ஒட்டுங்கள்.

டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். 90 காட்டுகிறது. நல்ல தண்ணீர்தானே?

உப்புக் குறைவான தண்ணீர். அதற்கு மேல் அந்த மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து, கரைந்த உப்பைக் கணக்காகச் சொல்கிறது. கிருமிகளை அது பார்ப்பதே இல்லை. கக்கூஸ் குழி நீர் கொஞ்சம் கலந்த கிணறும் 150 காட்டலாம், 200 காட்டலாம். மீட்டர் விற்க வருபவர்கள் அந்த எண்ணைக் காட்டித்தான் ஒன்று பயமுறுத்துகிறார்கள், இல்லை தைரியம் சொல்கிறார்கள். இரண்டையும் நம்பாதீர்கள்.

கடலோர வீடுகளில் மட்டும் அந்த மீட்டர் உண்மையிலேயே பயன்படும். மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் கடல்நீர் நெருங்குகிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லலாம்.

பஞ்சாயத்தில் பெட்டி வைத்துச் சோதிக்கிறார்களே, அதை நம்பலாமா?

நம்பலாம், எதற்கு என்று தெரிந்துகொண்டு. 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்று விதி. பெட்டியில் உள்ள மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குளோரைடு, கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட், ஃபுளூரைடு எல்லாம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு, அதைப் பாருங்கள்.

கிருமிக்கு ஒரு சிறு குப்பி உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி என்பார்கள். 1982-ல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய முறை அது. குறியிட்ட அளவுவரை தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் வைக்க வேண்டும். கறுத்தால் மலக்கலப்பு இருக்கக்கூடும். சேறு படிந்த, அழுகிய மட்டை நாற்றமடிக்கும் நீரில் வேறு பாக்டீரியாவாலும் கறுக்கலாம். ஆகவே கறுத்ததை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்தே கொதிக்க வைத்துக் குடித்துக்கொண்டு, ஆய்வகத்தில் உறுதி செய்யுங்கள். பல ஊர்களில் கூட்டத்தில் பேசிப் புரியாததை, மறுநாள் கறுத்துப்போன அந்தக் குப்பி புரியவைத்திருக்கிறது.

ரிப்போர்ட் வந்துவிட்டது. எந்த எண்ணைப் பார்ப்பது?

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதில் இரண்டு வரம்புகள் இருக்கும். ஒன்று ஏற்கத்தக்க அளவு. மற்றது, வேறு நீர் கிடைக்காதபோது பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு. முதலில் ஈ.கோலை வரிக்குப் போங்கள். 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதற்கு இரண்டாவது வரம்பே கிடையாது.

பிறகு நைட்ரேட். லிட்டருக்கு 45 மில்லிகிராம், இதற்கும் தளர்வு இல்லை. பி.எச். 6.5 முதல் 8.5 வரை. மொத்தக் கரைந்த உப்பு 500, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. குளோரைடு 250, அதுபோல 1000 வரை. மொத்தக் கடினத்தன்மை 200, அதுபோல 600 வரை. ஃபுளூரைடு 1, அதிகபட்சம் 1.5. கடினத்தன்மை 250 என்று வந்தால் பதற வேண்டாம், பருப்பு வேக நேரமாகும், சோப்பு நுரைக்காது, அவ்வளவுதான். பலர் அந்த வரியைப் பார்த்துக் கவலைப்பட்டு, அதே தாளில் ஈ.கோலை இருப்பதாகப் போட்டிருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அம்மோனியாவோ நைட்ரைட்டோ இருப்பதாகப் போட்டிருந்தால் கழிவு அண்மையில் கலந்திருக்கலாம். நைட்ரேட் மட்டும் கூடியிருந்தால் பழைய கசிவாகவோ உரமாகவோ இருக்கலாம்.

கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்?

பொதுவாகச் சொல்லும் கணக்கு குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி. இப்போது நம் மனைகளைப் பாருங்கள். 5 சென்ட் என்பது 2178 சதுர அடி. சதுரமான மனை என்றால் ஒரு பக்கம் 47 அடிகூட வராது. ஒரு மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் வைத்தால் 50 அடி கிடைக்கும், சரி. ஆனால் பக்கத்து மனைக்காரரின் குழி உங்கள் கிணற்றுக்கு 15 அடியில் இருந்தால் என்ன செய்வது? மதிலுக்கு மேலே வேலி உண்டு, மண்ணுக்கு அடியில் வேலி இல்லை. அதனால்தான் தனித்தனி வீடாகச் சோதிப்பதைவிட, ஒரு தெருவே சேர்ந்து சோதித்துப் பேசுவது பலன் தருகிறது என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்று. செப்டிக் டேங்க் என்று நாம் சொல்வதில் பல, உண்மையில் அடியில் தளம் போடாத உறைக் குழிகள். நிறையவே நிறையாது, பத்து வருஷமாக லாரி கூப்பிட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். நிறையாத குழியின் தண்ணீர் மண்ணுக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறது. புதிய வீடு கட்டுபவர்கள் அடித்தளமும் சுவரும் பூசிய, இரண்டு அறை உள்ள தொட்டி கட்டுங்கள். அதிலிருந்து வெளியேறும் நீருக்கான உறிஞ்சுகுழி கிணற்றுக்குத் தாழ்வான பக்கத்தில் அமையட்டும்.

கிணற்றுப் பக்கத்திலும் வேலை உண்டு. கைப்பிடிச் சுவர், சுற்றிலும் வெடிப்பில்லாத சிமெண்ட் தளம், சிந்தும் தண்ணீர் ஓடிப்போக ஒரு ஓடை, மேலே வலை. மேல் உறைகளின் இணைப்பைப் பூசிவிடுங்கள், மேல்மண் நீர் அந்த வழியாகத்தான் உள்ளே கசியும். வாளியும் கயிறும் தரையில் கிடக்காமல் மாட்டி வைக்க ஒரு கொக்கி.

கிருமி இருக்கிறது என்று வந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது?

கண்ணளவில் ஒரு கிலோ கொட்டுவதும் தவறு, ஒரு கைப்பிடி தூவிவிட்டுத் திருப்தியடைவதும் தவறு. கணக்கு எளிது. முதலில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். கயிற்றில் கல் கட்டி இறக்கினால் நனைந்த நீளம்தான் நீரின் ஆழம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 22-ஆல் பெருக்குங்கள். எல்லாம் அடிக்கணக்கில். வருவது லிட்டர். 5 அடி விட்டம், 10 அடித் தண்ணீர் என்றால் 5 × 5 × 10 × 22 = 5500 லிட்டர்.

நல்ல தரமான பவுடர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம். அப்படியானால் இந்தக் கிணற்றுக்கு ஏறத்தாழ 14 கிராம். இவ்வளவுதானா என்று எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். புதிய பவுடருக்குத்தான் இந்தக் கணக்கு. கட்டி தட்டிய, வாசனை போன பழைய பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும், மூட்டையாகப் போட்டாலும் பயனில்லை. காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களி மாதிரி குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக, பக்கவாட்டில் இழுத்துக் கலக்குங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் போட்டால் கடினத்தன்மைதான் கூடும். மாலையில் செய்தால் காலைவரை யாரும் கோர வேண்டியிருக்காது. குறைந்தது ஒரு மணி நேரம் கட்டாயம்.

ஒரு மணி நேரம் கழித்து, குளோரோஸ்கோப் என்னும் சிறு சோதனைக் கருவியால் மீதக் குளோரினை, அதாவது வேலை செய்தது போக நீரில் மிஞ்சிய குளோரினைப் பாருங்கள். டேங்க் ஆபரேட்டரிடம் இருக்கும், கேட்டால் வந்து பார்ப்பார். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால் நன்று. ஒன்றுமே இல்லையென்றால், தண்ணீரில் உள்ள அழுக்கோ இரும்போ குளோரினைத் தின்றுவிட்டது, இன்னும் போட வேண்டும். வெள்ளம் புகுந்த கிணறு என்றால் முதலில் இறைத்து, தூர்வாரி, சுகாதார ஆய்வாளர் சொல்லும் கூடுதல் அளவைப் போடுங்கள்.

பக்கத்துக் குழி கசிந்துகொண்டே இருந்தால் இன்று போட்ட குளோரின் இரண்டொரு நாள்தான் தாங்கும். கசிவை நிறுத்தும்வரை கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

கிருமி சாகும். நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் இருந்தால் போதும். உப்பும் நைட்ரேட்டும் போகாது, நீர் ஆவியாவதால் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

நம் பக்கத்தில் சீரகமோ பதிமுகமோ போட்டுக் கொதிக்க வைக்கும் நல்ல வழக்கம் இருக்கிறது. ஆனால் விருந்தாளி வந்ததும், சூடாக இருக்கிறதே என்று பாதிச் சூட்டுத் தண்ணீரில் பாதிப் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆற்றிக் கொடுக்கிறோம். நிறம் இருக்கும், வாசனை இருக்கும், கிருமியும் இருக்கும். தானாகவே ஆறட்டும். கொதிக்க வைத்த பாத்திரத்திலேயே மூடி வைத்து, கை படாமல் எடுங்கள்.

கைக்குழந்தைக்கு எந்தத் தண்ணீர் கொடுப்பது?

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீரே வேண்டாம். ஏதோ காரணத்தால் பால்பவுடர் கலக்க வேண்டியிருந்தால் அந்தத் தண்ணீரின் நைட்ரேட் அளவு தெரிந்தே ஆக வேண்டும். நைட்ரேட் கூடினால் பிஞ்சுக் குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயும், உயிருக்கே ஆபத்து. கொதிக்க வைப்பது இதற்கு உதவாது. நைட்ரேட் 45-க்கு மேல் உள்ள கிணற்றைக் குழந்தைக்கு அறவே பயன்படுத்தாதீர்கள்.

நாங்கள் கடலோரம். கிணறு ஒவ்வொரு கோடையிலும் உப்பாகிறது. ஏன்?

கடலோர மணலில் மழைநீர் ஒரு வில்லை மாதிரி கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மோட்டார் போட்டு அந்த ஒரு அடியை இறக்கினால், கீழே இருக்கும் உப்பு நீர் பல மடங்கு மேலே வரும். ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று நினைத்து போர் போடுவது அங்கே பெரும்பாலும் உப்பைத் தேடிப் போவதுதான். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. 100 குடத்தில் 2 குடம் கடல்நீர் கலந்தாலே 380-ஐ எட்டி, ஏற்கத்தக்க 250-ஐத் தாண்டிவிடும்.

ஆழமில்லாத கிணறு, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது, கூரை மழைநீரை வடிகட்டிக் கிணற்றடியில் இறக்குவது, இவைதான் வழி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கம் கடல் ஊருக்குள் வந்தது நமக்கு மறக்காது. அப்படிக் கடல்நீர் விழுந்த கிணற்றை ஒரே மூச்சில் வற்ற இறைத்தால் அடியிலிருந்து உப்புதான் ஏறும். அளவாக இறைத்து, மழை கழுவ விட வேண்டும்.

போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சளாகிறது. தேயிலை போட்டால் கறுக்கிறது.

இரும்பு. தரத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை. காற்று பட்டதும் துருவாகப் படிகிறது. உயரத்திலிருந்து ஷவர் மாதிரிச் சிதறவிட்டு, ஒரு இரவு தெளியவைத்து, மணல் வடிகட்டியில் விட்டால் பெரும்பகுதி போய்விடும்.

பி.எச். 5.5 என்று வந்திருக்கிறது. குடிக்கலாமா?

செம்புரைக்கல் மண்ணில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, மழைநீரே சற்று அமிலம். அதனால் இங்கே இது அபூர்வம் இல்லை. அந்த அளவு அமிலத்தால் மட்டும் வயிற்றுக்கு உடனே கெடுதி வராது. ஆனால் குழாயையும் பாத்திரத்தையும் அரித்து உலோகத்தைத் தண்ணீரில் கரைக்கும். காலையில் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பாத்திரம் கழுவ விடுங்கள். சுண்ணாம்புக்கல் சில்லுகள் நிரப்பிய வடிகட்டி பி.எச்.-ஐ உயர்த்தும். பெரியவர்கள் கிணற்றில் போட்ட சிப்பிச் சுண்ணாம்பும் இதைச் செய்யும். போடுவதானால் அளவை ஆய்வகத்தில் கேட்டுப் போடுங்கள்.

ஆர்.ஓ. மெஷின் வாங்கலாமா?

ரிப்போர்ட் பார்த்த பிறகு. கரைந்த உப்பு 100, 150 உள்ள கிணற்றுக்கு ஆர்.ஓ. வீண். இருக்கிற கொஞ்ச உப்பையும் எடுத்துவிட்டு, பாதிக்கு மேல் தண்ணீரைக் கழிவாகக் கொட்டும். அங்கே பகை கிருமிதான், கொதிக்க வைப்பதோ, கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதாக் கதிர்) விளக்கு உள்ள வடிகட்டியோ போதும். உப்பு நீர் உள்ள கடலோரத்திலும், நைட்ரேட் கூடிய இடத்திலும் ஆர்.ஓ.வுக்கு வேலை இருக்கிறது.

மணவாளக்குறிச்சி பக்கத்து மணலில் கதிர்வீச்சு உண்டே, அது தண்ணீரில் வருமா?

அந்தக் கரையில் மோனசைட் மணல் உண்டு, அதில் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. ஆனால் தோரியம் தண்ணீரில் மிக மிக அரிதாகத்தான் கரையும், மணலுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். சாதாரணக் குடிநீர்ச் சோதனை கதிரியக்கத்தை அளக்காது, அதற்குத் தனிக் கருவி உள்ள ஆய்வகம் வேண்டும். ஊராகச் சேர்ந்து கிராம சபையில் கேட்டு எழுதுங்கள். கேட்க உரிமை உண்டு.

பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

ஊராட்சி. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலப்பதும், கடைசி வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராம் மீதக் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் இப்போது கிராம சபை கூடுகிறது. போன ஆண்டின் சோதனை முடிவுகளை அங்கே வாசிக்கச் சொல்லுங்கள். அங்கன்வாடி, பள்ளிக் கிணறுகளின் முடிவையும் சேர்த்துக் கேளுங்கள்.

ரிப்போர்ட் நல்லது என்று வந்தால்?

தாளைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருஷம் ஒப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் சோதித்த மாதத்தையும் வருஷத்தையும் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் பெயிண்டால் எழுதி வைக்கிறார்கள். தண்ணீர் கோர வரும் யாரும் அதைப் பார்த்து, அடுத்தது எப்போது என்று கேட்கிறார்கள்.